தலைவிதியா? பாட்டரியா?

தென் கொரியா தேசத்துச் சாம்சங் கம்பெனியார் 2016-ம் வருஷத்தில் கேலக்ஸி நோட் 7 என்னும் ஒரு செல்போனைச் செய்து பல தேசங்களில் விற்றதும், அது சார்ஜில் கிடக்கும்போதும் சட்டைப் பையில் இருக்கும்போதும் தானாகவே தீப்பிடித்ததும், அதன்பேரில் விற்ற சரக்கையெல்லாம் அவர்கள் வாபஸ் வாங்கிக்கொண்டதும் வாசகர்களில் பலருக்கு ஞாபகமிருக்கலாம். இது பழைய சங்கதியாயிற்றே, இதைப் பற்றி இப்பொழுது என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். சங்கதி பழையதுதான். ஆனால் அதிலிருந்து நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இன்றைக்கும் அவர்கள் காதில் ஏறினதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் ஒரு வீட்டில் பாட்டரி வெடித்து ஒரு குழந்தையின் கை கருகினால், "ஏழரைச் சனி" என்றும், "கண் திருஷ்டி" என்றும், "போன ஜன்மத்துப் பாவம்" என்றும், "நேரம் சரியில்லை" என்றும் நாலு பேர் வந்து நாலு விதமாய்ச் சொல்லிவிட்டுப் போகின்றார்களே ஒழிய, அந்தப் பாட்டரியைச் செய்தவன் யார், அதன் எண் என்ன, விற்றவன் யார், ரசீது எங்கே என்று கேட்பவரைக் காண்பது அரிதாயிருக்கின்றது.

இதனால் லாபமடைகிறவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். சனி பகவானுக்கு ஒரு எள்ளும் எண்ணெயும் கிடைக்கலாம். பரிகாரம் சொன்ன சோதிடனுக்குத் தட்சணை கிடைக்கலாம். ஆனால் முழு லாபமும் பழுதான சரக்கைச் செய்து விற்றவனுக்கே போய்ச் சேருகின்றது. அவனைத் தேடி ஒருவரும் போவதில்லை. விதி என்பது அவனுக்காகக் காசு வாங்காமல் ஆஜராகும் வக்கீலாக இருந்து வருகின்றது. அவன் அமர்த்திக்கொள்ளாமலேயே, அடிபட்டவன் வீட்டிலிருந்தே அந்த வக்கீல் அவனுக்குக் கிடைத்துவிடுகிறான் என்பதுதான் இதில் உள்ள அதிசயம்.

முதலில் நடந்ததைச் சொல்லுவோம். மேற்படி போன் 2016-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி விற்பனைக்கு வந்தது. வந்த ஒரு வாரத்துக்குள்ளாகவே எரிந்துபோன போன்களின் படங்கள் வெளிவர ஆரம்பித்தன. செப்டம்பர் 2-ந் தேதி கம்பெனியார், தங்களுக்கு 35 கேஸ்கள் தெரிய வந்திருப்பதாகவும், பாட்டரியில் பழுது இருப்பதாகவும், ஆகவே விற்பனையை நிறுத்திவிட்டதாகவும், அதுவரை அனுப்பப்பட்ட சுமார் 25 லட்சம் போன்களுக்கும் பதில் போன் கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். சரக்கு கடைக்கு வந்து 14 நாள்தான் ஆகியிருந்தது.

இந்தக் கணக்கைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். 25 லட்சத்தில் 35. அதாவது எழுபதினாயிரத்துச் சொச்சம் போனுக்கு ஒரு போன் எரிந்தது. அதற்காக 25 லட்சமும் திரும்பி வர வேண்டியதாயிற்று. நம் நாட்டிலோ சோதிடன் பத்து ஜாதகம் பார்த்து ஒன்பது தப்பிப்போனாலும், பத்தாவது ஏதோ குருட்டாம்போக்கில் பலித்துவிட்டால் அந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே அவன் மாடி வீடு கட்டிவிடுகிறான். தப்பிப்போன ஒன்பது பேரும் தங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள் என்றோ, அவன் தன் பஞ்சாங்கத்தை வாபஸ் வாங்கிக்கொண்டான் என்றோ யாராவது கேள்விப்பட்டதுண்டா? பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணத்தில் ஆறாம் மாதமே தாலி அறுந்த பெண்ணின் தகப்பன், பொருத்தம் பார்த்தவன் வீட்டு வாசலில் போய் நின்று, "நீ கொடுத்த சரக்கு பழுது, பணத்தை எடு" என்று கேட்டதுண்டா? கேட்டால் "அவள் தலையெழுத்து" என்பான். தலையெழுத்தை மாற்ற முடியாதென்றால் பொருத்தம் பார்த்துக் கூலி வாங்கினது எதற்கு என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை. ஒரு போனை 35 பேர் குறை சொன்னால் விசாரிக்கும் உலகத்தில், ஒரு சாஸ்திரத்தைக் கோடிக்கணக்கான பேருடைய வாழ்வு குறை சொல்லியும் விசாரிக்க வழியில்லாமல் வைத்திருக்கின்றோம்.

இப்படிச் சொன்னதால் நாம் சாம்சங் கம்பெனியாருக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கின்றோம் என்று யாரும் கருத வேண்டாம். அவர்கள் செய்த காரியத்தில் யோக்கியமானதும் உண்டு, யோக்கியமற்றதும் உண்டு. விற்பனையைச் சீக்கிரம் நிறுத்தினது யோக்கியமானது. ஆனால் பழுதுக்கு மூலகாரணம் என்ன என்று முடிவாகக் கண்டுபிடிக்கும் முன்னரே, பாட்டரியை வேறொரு கம்பெனியாரிடமிருந்து வாங்கிப் போட்டு, "இது பத்திரமானது" என்று சொல்லிப் புதுப் போனைக் கொடுத்தார்களே, அது என்ன நியாயம்? அமெரிக்காவில் இவ்விதமான வாபஸ் காரியங்களைக் கவனிக்க நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன் என்று சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று இருக்கின்றது. முதலில் கம்பெனியார் அதைக் கலந்துகொள்ளாமல் தாங்களாகவே வாபஸை நடத்தப் பார்த்தார்கள். அந்தக் கமிஷன் செப்டம்பர் 15-ந் தேதிதான் சட்டப்படி வாபஸ் உத்தரவை வெளியிட்டது. அதற்குள் அமெரிக்காவில் மாத்திரம் 92 புகார்கள். அவற்றில் 26 பேர் தீக்காயம் பட்டார்கள். 55 கேஸ்களில் சொத்துச் சேதம். பதில் போனைக் கொடுக்கலாம் என்று அந்தக் கமிஷனும் சம்மதித்துவிட்டது. சர்க்கார் முத்திரை விழுந்துவிட்டால் சரக்கு சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு நடந்தது என்ன? அக்டோபர் 5-ந் தேதி அமெரிக்காவில் லூயிவில் நகரத்திலிருந்து பால்டிமோருக்குப் புறப்பட இருந்த ஒரு விமானத்தில், பதிலாகக் கொடுத்த அந்தப் "பத்திரமான" போனே புகைய ஆரம்பித்து, பிரயாணிகளையெல்லாம் இறக்கிவிட நேர்ந்தது. அடுத்த சில நாட்களில் இன்னும் சில எரிந்தன. அக்டோபர் 11-ந் தேதி கம்பெனியார் அந்தப் போனைச் செய்வதையே அடியோடு நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கக் கணக்கில் வாபஸ் 10 லட்சத்திலிருந்து 19 லட்சமாக உயர்ந்தது. அக்டோபர் 15-ந் தேதி முதல் அந்தப் போனை எந்த விமானத்திலும் எந்த விதமாகவும் ஏற்றக் கூடாது என்று அமெரிக்க சர்க்கார் தடை போட்டுவிட்டார்கள். தபாலில் திருப்பி அனுப்புகிறவர்களுக்குத் தீத்தடுப்பு உறையிட்ட பெட்டிகளையும் கையுறைகளையும் கம்பெனியார் அனுப்பி வைத்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்பு காதோடு வைத்துக் கொஞ்சின சாமான், பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் கையுறை போட்டுத் தொட வேண்டியதாயிற்று!

இன்னும் ஒரு விஷயம். செப்டம்பர் மாதம் மற்ற தேசத்தார் போன்களைத் திரும்ப வாங்கினபோது, சீன தேசத்தில் விற்றவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வாபஸ் கிடையாது என்று கம்பெனியார் சொன்னார்கள். அங்கே திரும்ப வாங்கினது முதலில் 1,858 போன்கள்தான். மற்றவற்றில் இருப்பது வேறு கம்பெனிப் பாட்டரி, ஆகவே பயமில்லை என்பது அவர்கள் சமாதானம். சீனாவிலும் போன் எரிந்ததாகச் செய்தி வந்தபோது, அது வெளியிலிருந்து சூடேற்றியதால் எரிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அதாவது பாட்டரி நல்லது, வாங்கினவன்தான் கெட்டவன் என்பது அர்த்தம். கடைசியில் அக்டோபர் 11-ந் தேதி அங்கும் 1,90,984 போன்களை வாபஸ் வாங்க நேர்ந்தது. சீனத்து மக்களுக்கு அதில் பணம் போனதைவிட, "மற்றவர்களுக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதியா?" என்பதே பெரிய ஆத்திரமாக இருந்தது. அந்த ஆத்திரத்தின் பெயர்தான் சுயமரியாதை. ஒரே விலையைக் கொடுத்து ஒரே சரக்கை வாங்கினவன் ஒரே மரியாதையைக் கேட்பதில் என்ன குற்றம்?

நிற்க, அந்தப் பாட்டரிக்குள் அப்படி என்னதான் இருக்கின்றது, அது ஏன் எரிகின்றது என்பதைப் பலர் தெரிந்துகொள்ளாமலேயே தினமும் தலைமாட்டில் வைத்துத் தூங்குகின்றார்கள். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. தாமிரத் தகட்டின்மேல் ஒரு விதக் கரியைப் பூசி ஒரு தாள். அலுமினியத் தகட்டின்மேல் லித்தியம் கலந்த பொடியைப் பூசி இன்னொரு தாள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவில் மயிரிழையை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் திரை. இவற்றைப் பாய் சுருட்டுகிறதுபோல் சுருட்டி, தட்டையாக அமுக்கி, சீக்கிரம் தீப்பற்றக்கூடிய ஒரு திரவத்தை ஊற்றி, ஒரு பைக்குள் வைத்து ஒட்டிவிடுகின்றார்கள். அவ்வளவுதான் பாட்டரி. நடுவில் உள்ள திரை கிழிந்தாலோ நசுங்கினாலோ இரண்டு தாள்களும் தொட்டுக்கொள்ளும். தொட்டால் உள்ளே இருக்கிற மின்சாரமெல்லாம் ஒரே இடத்தில் பாய்ந்து சூடாகும். அந்தச் சூடு பக்கத்தில் உள்ளதையும் சூடாக்கும். பிறகு அது நிற்காது. வைக்கோல் போரில் ஒரு மூலையில் நெருப்பு விழுந்தால் மறு மூலைக்குப் போக யாராவது தள்ளிவிட வேண்டுமா?

நோட் 7-ல் இந்தத் திரை ஏன் கெட்டது என்பதைக் கண்டுபிடிக்கக் கம்பெனியார் சுமார் 700 நிபுணர்களை வேலைக்கு வைத்தார்கள். 2 லட்சத்துக்கு மேற்பட்ட போன்களையும் 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டரிகளையும் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். வேகமாகச் சார்ஜ் ஏற்றுவதாலா, கம்பியில்லாமல் ஏற்றுவதாலா, தண்ணீர் புகாதபடி மூடியிருப்பதாலா, கண்மணியைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளும் கருவியாலா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். வெளியாரான நிபுணர் ஸ்தாபனங்களும் தனியாகச் சோதித்தன. 2017-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி சியோல் நகரத்தில் கம்பெனியின் செல்போன் பகுதித் தலைவர் கோ டோங்-ஜின் பத்திரிகைக்காரர்கள் முன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முடிவை வெளியிட்டார். முதலில் போட்ட பாட்டரியில் பையின் மேல் வலது மூலையில் போதிய இடமில்லாததால் உள்ளே இருக்கும் தாளின் ஓரம் மடங்கியிருந்தது. இரண்டாவது போட்ட பாட்டரியில், பற்றவைத்த இடத்தில் உலோகம் பிசிறாக நீட்டிக்கொண்டு திரையைக் குத்தியிருந்தது. சிலவற்றில் ஒட்ட வேண்டிய காப்பு நாடாவே ஒட்டப்படவில்லை. இவ்வளவுதான். ஒரு மூலை மடிப்பு, ஒரு பிசிறு, ஒட்டாமல் விட்ட ஒரு துண்டு நாடா. இதற்கு நஷ்டம் 500 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள்.

கொரியாக்காரர்கள் எல்லாரும் பகுத்தறிவின் சிகரங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்நாட்டிலும் புதுத் தொழில் துவக்கும்போது பன்றித் தலையை வைத்துப் படைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. நாலு என்னும் எண்ணைக் கண்டால் அவர்களுக்குச் சாவு ஞாபகம் வருமாம். மாடிக்குப் போகும் லிப்டுகளில் நாலாம் எண்ணுக்குப் பதில் வேறு எழுத்தைப் போட்டு வைக்கின்றார்கள். மூடத்தனத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆனால் போன் எரிந்தபோது பன்றித் தலையைத் தேடிக்கொண்டு ஓடவில்லை, பூதக் கண்ணாடியைத் தேடினார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. எந்தப் பக்தனும் பணம் போகிற இடத்தில் மாத்திரம் பகுத்தறிவுக்காரனாகிவிடுகிறான்.

அதே கம்பெனியின் முதலாளி 1995-ம் வருஷத்தில், சரக்கு பழுதாக வருகிறதென்று கோபப்பட்டு, கூமி என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலையில் சுமார் ஒன்றரை லட்சம் போன் முதலிய கருவிகளைக் குவித்து 2,000 தொழிலாளர்கள் கண் முன்னால் கொளுத்தினார். நம் பக்கத்தில் நெய்யையும் பட்டுப் புடவையையும் நெருப்பில் போட்டால் புண்ணியம் என்கின்றார்கள். அவராவது பழுதானதைப் பார்த்துக் கொளுத்தினார் என்று ஒரு திருப்தி. அப்படியிருந்தும் 21 வருஷம் கழித்து அதே கம்பெனியில் இவ்வளவு பெரிய பழுது வந்தது. அன்று எரித்தது உண்மை, அன்று எடுத்த பிரதிக்ஞையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிரதிக்ஞை போய்ப் பாட்டரியின் மூலையில் உட்கார்ந்துகொண்டு மடிப்பைத் தடுக்காது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சரக்கையும் பிரித்துப் பார்க்கிறவன் இருந்தால்தான் தடுக்க முடியும்.

இங்கே ஒரு ஆஸ்திகர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். "25 லட்சம் பேரிடம் அதே போன் இருந்ததே, 35 பேருக்கு மட்டும் ஏன் எரிந்தது? அதுதானே ஐயா விதி?" என்பார். இதில் பெரிய சூட்சுமம் இருப்பதாக அவருக்கு எண்ணம். குயவன் சூளையிலிருந்து நூறு சட்டி எடுக்கிறான். ஐந்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல். அந்த ஐந்தும் யார் யார் வீட்டுக்குப் போனதோ அவர்கள் வீட்டில் குழம்பு ஒழுகுகிறது. ஒழுகினதற்குக் காரணம் கீறலா, அந்த வீட்டுக்காரியின் ஜாதகமா? எந்தச் சட்டியில் கீறல் என்று நமக்கு முன்கூட்டித் தெரியவில்லை என்பது வாஸ்தவம். அந்தத் தெரியாமைக்கு விதி என்று பெயர் வைத்துக் கும்பிட்டால் கீறல் அடைபட்டுவிடுமா? அன்றியும், போனைத் திரும்ப வாங்கிய பிறகு, எரியாமல் இருந்த மற்ற லட்சக்கணக்கான பேருடைய கதி என்ன? அவர்களில் இன்னும் சிலருக்கு நெருப்பில் சாக வேண்டும் என்று விதி இருந்திருந்தால், அது கம்பெனியார் போட்ட ஒரு நோட்டீசைப் பார்த்துப் பயந்து ஓடிப்போய்விட்டதா? எமன் தன் ஓலையையும் வாபஸ் வாங்கிக்கொண்டானா? ஒரு தபால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடக்கூடிய விதி என்ன விதி?

போனைத் திருப்பிக் கொடுக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். சர்க்காரும் கம்பெனியும் விமானக்காரர்களும் இவ்வளவு கத்தியும், 2016 டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் 100-க்கு 93 போன்தான் திரும்பி வந்திருந்தது. பாக்கியை வைத்திருந்தவர்கள் சொன்ன சமாதானம், "என் போனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பது. இந்தச் சமாதானத்தை நாம் வேறு எங்கேயோ கேட்டிருக்கின்றோம் அல்லவா? "என் பாட்டன் செய்தான், என் அப்பன் செய்தான், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தீண்டாமைக்கும் குழந்தை மணத்துக்கும் சமாதானம் சொன்னவர்களுடைய வாயிலிருந்து வந்ததும் இதுதான். கடைசியில் கம்பெனியார் ஒரு மென்பொருளை அனுப்பி, அந்தப் போன்கள் சார்ஜே ஏறாதபடி செய்துவிட்டார்கள். படித்தவர்கள் நிறைந்த தேசத்திலும் சிலரிடம் பிடுங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். நோட் 7 இங்கே விற்பனைக்கே வரவில்லை. வருகிற சமயத்தில் வாபஸ் வந்துவிட்டது. ஆனால் பாட்டரி வாபஸ் நமக்குப் புதிதல்ல. 2007-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நோக்கியா கம்பெனியார், ஜப்பான் தேசத்து மட்சுஷிதா கம்பெனியார் செய்து கொடுத்த பி.எல்-5சி என்ற பாட்டரிகளில் சுமார் 4 கோடி 60 லட்சம் சார்ஜ் ஏறும்போது அளவு மீறிச் சூடாகக்கூடும் என்றும், கேட்டவர்களுக்கு இனாமாக மாற்றிக் கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். அப்பொழுது இந்த நாடெங்கும் ஒரே கிலி. போனைக் கண்டாலே வெடிகுண்டைக் கண்டது போல் பயந்தவர்கள் அநேகம். ஆனால் செய்ய வேண்டியிருந்தது என்ன? பாட்டரியைக் கழற்றி, அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் 26 இலக்க எண்ணைப் பார்த்து, அது 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மேற்படி ஜப்பான் கம்பெனியில் செய்ததா என்று விசாரிப்பது. ஆபத்து யாருக்கு என்பதைச் சொன்னது அந்த எண்தான். அசுவினியா பரணியா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நோக்கியாக்காரன் பதில் சொல்லியிருக்க மாட்டான்.

2016 செப்டம்பர் 23-ந் தேதி சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலே உள்ள சாமான் தட்டில் வைத்திருந்த ஒரு சாம்சங் நோட் 2 போன் புகைந்தது. அதில் இருந்தவர்களும் பயந்திருப்பார்கள், எந்தெந்தச் சாமியை வேண்டிக்கொண்டார்களோ தெரியாது. விமானச் சிப்பந்திகள் தீயணைக்கும் கருவியால் அடித்து, பிறகு அதைத் தண்ணீர் நிரம்பின பாத்திரத்தில் போட்டு வைத்தார்கள். விமானம் சென்னையில் பத்திரமாக இறங்கிற்று. அதற்குப் பிறகு யாராவது பழனிக்கோ திருப்பதிக்கோ முடி கொடுத்திருந்தால், அந்த முடி நியாயமாகச் சேர வேண்டியது அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு.

ஆனால் எல்லா இடத்திலும் தண்ணீர்ப் பாத்திரத்தோடு ஆள் நிற்பதில்லை. 2022-ம் வருஷம் மார்ச்சு மாதம் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டு வைத்திருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் மகளும் மாண்டுபோனார்கள். செல்போனில் இருப்பதும் அதில் இருப்பதும் ஒரே ஜாதிப் பாட்டரிதான். அதில் பெரிது, இதில் சிறிது. அடுத்த மாதத்தில் இந்தியாவில் மூன்று ஸ்கூட்டர் கம்பெனிகள் சேர்ந்து 6,600-க்கு மேற்பட்ட வண்டிகளை வாபஸ் வாங்கின. வாபஸ் வாங்குவது முடியாத காரியமல்ல என்பது இதனால் விளங்குகின்றதல்லவா? சாவுக்கு முன்னால் ஏன் முடியவில்லை என்பதே கேள்வி.

இந்த மாதிரி சமயங்களில் விதிக்கு ஒரு தம்பியும் வந்து சேருகிறான். "நீ ஏன் ராத்திரி சார்ஜ் போட்டாய்?" "நீ ஏன் வேறு சார்ஜரில் போட்டாய்?" என்று அடிபட்டவனையே அதட்டுகிறவன் அவன். அண்ணன் சொல்லுவது "உன் பாவம்". தம்பி சொல்லுவது "உன் அஜாக்கிரதை". இருவரும் காப்பாற்றுவது ஒரே முதலாளியைத்தான். நாம் அஜாக்கிரதையே கிடையாது என்று சொல்லவில்லை. கம்பெனிப் பெயரைப் போலியாக அச்சடித்த மலிவுப் பாட்டரியைச் சந்தையில் வாங்கிப் போடுவதும், உப்பிப்போன பாட்டரியை மேஜைமேல் பம்பரம் போல் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாதம் ஓடும்" என்று திரும்பவும் சொருகுவதும், தலையணைக்கடியில் சார்ஜ் போட்டுக்கொண்டு தூங்குவதும் அறிவுக்குப் பொருத்தமானவையல்ல. சரஸ்வதி பூஜையன்று சார்ஜ் ஏற்றும் துவாரத்திலேயே குங்குமத்தை அப்பி வைக்கிற பக்திமான்களையும் நாம் பார்த்திருக்கின்றோம். ஆனால் நோட் 7 வாங்கினவன் கம்பெனி பாட்டரியோடு கம்பெனி சார்ஜரைத்தான் உபயோகித்தான், அவனுக்கும் எரிந்தது. முதலில் சரக்கைப் பார், பிறகு வாங்கினவனைப் பார் என்பதே முறை.

சட்டத்திலும் இப்பொழுது இடமிருக்கின்றது. 2019-ம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமுலுக்கு வந்தது. அதன் 20-வது பிரிவின்படி, ஆபத்தான சரக்கை வாபஸ் வாங்கும்படியும் வாங்கினவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியும் உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பழுதான சரக்கால் உயிர்ச் சேதமோ, காயமோ, வேறு சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் செய்தவனும் விற்றவனும் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதைப் பற்றி அதில் தனி அத்தியாயமே இருக்கின்றது. ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில், நாம் குடியிருக்கும் ஊருக்கு உரிய இடத்திலேயே பிராது கொடுக்கலாம். கம்பெனி இருக்கிற ஊருக்கு ஓட வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே நின்று பேசலாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம். திருநள்ளாற்றுக்குப் போய் வரும் பஸ் சார்ஜுகூட இதற்கு ஆகாது.

ஆனால் பிராதுக்கு ரசீது வேண்டும். நம்மவர்கள் பத்து ரூபாய் அர்ச்சனைச் சீட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பார்கள்; பத்தாயிரம் ரூபாய் போனுக்குப் பில் கேட்க மாட்டார்கள். கேட்டால் வரி சேர்த்துப் போடுவான், இருநூறு ரூபாய் கூட ஆகும் என்று கடைக்காரன் சொன்னதும் வேண்டாம் என்று வந்துவிடுவார்கள். தனியாகப் பாட்டரி வாங்குகிறவர்கள் அதன்மேல் ஐ.எஸ். 16046 என்ற முத்திரையும், ஆர் என்ற எழுத்தோடு துவங்கும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். அந்த எண் மெய்யா பொய்யா என்பதை இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தாரின் பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ராகு காலம் பார்க்க ஆகும் நேரம்கூட ஆகாது. பாட்டரி உப்பியிருந்தால் குத்தாமல், அமுக்காமல், சார்ஜ் போடாமல், குப்பையில் எறியாமல், பழைய மின்சாதனங்களை வாங்கிக்கொள்ளும் இடத்திலோ கம்பெனியின் சர்வீஸ் கடையிலோ கொடுத்துவிட வேண்டும்.

சர்க்காரைக் கேட்க வேண்டியதும் ஒன்று பாக்கியிருக்கின்றது. கம்பெனிக்காரன் விற்கும்போது தமிழில் பாட்டுப் பாடுகிறான், தமிழில் சினிமாக்காரனை நிறுத்திப் பேசச் சொல்லுகிறான், குக்கிராமத்துச் சுவரில்கூட தமிழில் விளம்பரம் எழுதுகிறான். வாபஸ் வாங்கும்போது மாத்திரம் இங்கிலீஷில், தன்னுடைய இணையதளத்தின் ஒரு மூலையில், நாலு வரி போட்டுவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டால் அது யாருக்குப் போட்ட நோட்டீசு? காட்டில் ஆடு மேய்க்கிறவனும் இன்றைக்குப் போன் வைத்திருக்கிறான். விற்ற பாஷையிலேயே வாபஸும் வர வேண்டும். எந்த எண்ணுள்ள பாட்டரி, எந்தத் தேதியில் செய்தது, எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற விவரம் தமிழில், ரேஷன் கடைப் பலகையிலும், பஞ்சாயத்து ஆபீசிலும், போன் விற்ற கடையின் வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். வாங்கினவன் நம்பருக்கே தமிழில் செய்தியும் போக வேண்டும். விற்பதற்காக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதே நம்பருக்குச் செய்தி அனுப்ப அவர்களுக்குத் தெரிகின்றதே. இதை உத்தரவாகப் போடும்படி ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் தீர்மானம் நிறைவேற்றி, ஜில்லா கலெக்டருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்பி வைக்கும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.